எழுத்துப் பிழையில் எழுந்த அலை

இந்தியாவை உலுக்கிய டெல்டா வைரஸ், ஊரெல்லாம் பேசிய அந்த 'இரட்டை மாற்றம்' அல்ல

2021 மார்ச் 24. மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மகாராஷ்டிரத்தில் கொரோனா மாதிரிகளில் 15 முதல் 20 சதவீதத்தில் இ484கியூ, எல்452ஆர் என்ற இரு திடீர் மாற்றங்கள் காணப்படுவதாகச் சொன்ன அந்த அறிக்கை, சில மாநிலங்களில் நோய் வேகமாகப் பரவுவதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றும் சேர்த்துக்கொண்டது. பின்பாதியை யாரும் படிக்கவில்லை. 'இரட்டை மாற்ற வைரஸ்' என்ற பெயர் மட்டும் ஊரெங்கும் ஒட்டிக்கொண்டது.

பெயரே தவறு. அந்த வைரஸில் இருந்த மாற்றங்கள் ஒரு டஜனுக்கும் மேல். அதைவிட வேடிக்கை, அடுத்த சில வாரங்களில் நாட்டையே புரட்டிப் போட்ட வைரஸில் அந்த இரண்டில் ஒன்று இல்லவே இல்லை.

கொரோனா வைரஸின் மரபுத் தொகுதி சுமார் 29,900 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. மனித செல்லுக்குள் புகுந்ததும் அது தன்னைப் பிரதி எடுக்கிறது. எடுக்கும்போது பிழை விடுகிறது. பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரஸ்களைப் போலன்றி, இதனிடம் பிழை திருத்தும் என்சைம் ஒன்று உண்டு. அதன் கண்ணுக்கும் தப்பி, பரவும் சங்கிலியில் தங்கிவிடுபவை தோராயமாக மாதத்துக்கு இரண்டு. பெரும்பாலானவற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் அவை தடயங்கள். ஒரே பிழையைச் சுமக்கும் ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்களே, வைரஸின் வம்சாவளியை வரைவதும் அப்படித்தான்.

அந்த மகாராஷ்டிர வைரஸின் வம்சத்துக்கு பி.1.617 என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் பதிவுப்படி இதில் டெல்டா கிளையின் முதல் மாதிரிகள் 2020 அக்டோபரில் இந்தியாவில் எடுக்கப்பட்டவை. வம்சம் மூன்று கிளைகளாகப் பிரிந்தது. உடலின் எதிர்ப்புப் பொருளிடமிருந்து தப்ப உதவும் என்று விஞ்ஞானிகள் அஞ்சிய இ484கியூ, இரண்டாம் கிளையில் கிடையாது. அந்தக் கிளைதான் மற்றவற்றை ஓரங்கட்டியது. 2021 மே 31இல் அதற்கு 'டெல்டா' என்று பெயர் சூட்டப்பட்டது.

என்ன பலம் அதற்கு? செல்லோடு ஒட்டிக்கொள்ள உதவும் வைரஸின் கூர்முனைப் புரதம் 1,273 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 681ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஆர்ஜினின் உட்கார்ந்துவிட்டது. மரபுத் தொகுதியில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. மனித செல்லின் ஃபியூரின் என்சைம் கூர்முனையை வெட்டும் இடம் அதை ஒட்டித்தான் இருக்கிறது. வெட்டு சுலபமானால் நுழைவும் சுலபம். ஆய்வகத்தில் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழையபடி திருத்தி வைத்தபோது, டெல்டாவின் பெருக்கம் அதற்கு முந்தைய ஆல்பாவைவிடக் குறைந்தது.

ஆய்வகத்துக்கு வெளியே கணக்கு வேறு. 2021 மே 7இல் ஒரே நாளில் பதிவான புதிய நோயாளிகள் 4,14,188 பேர். அதற்கு முன்பே டெல்லி மருத்துவமனைகளில் ஆக்சிஜனுக்குத் தவித்தார்கள். பழியை எழுத்துப் பிழை மீது மட்டும் போட முடியாது. தேர்தல் கூட்டங்களும் கும்பமேளாவும் வைரஸுக்கு வழிவிட்டன. பிரதி எடுக்க உடல்கள் கூடக்கூட, பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

கண்காணிப்பும் நொண்டியது. 2020 டிசம்பரில் 10 ஆய்வகங்களோடு தொடங்கிய 'இன்சாகாக்' கூட்டமைப்பு, தொற்று உறுதியான மாதிரிகளில் 5 சதவீதத்தைப் படிக்கத் திட்டமிட்டது. மார்ச் 24 அறிக்கையின்படி மாநிலங்கள் அதுவரை அனுப்பியிருந்தவை 10,787 மாதிரிகள். நாட்டில் அதற்குள் ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது.

டெல்டாவின் ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 2021 டிசம்பர் 2இல் கர்நாடகத்தில் இருவருக்கு ஒமிக்ரான் உறுதியானது. கூர்முனையில் மட்டும் 30க்கு மேற்பட்ட மாற்றங்கள். அது டெல்டாவின் வாரிசு அல்ல. மரத்தின் வேறொரு கிளையில் முளைத்தது. அதிலும் 681ஆம் இடம் மாறியிருந்தது. இம்முறை அங்கே உட்கார்ந்திருந்தது ஹிஸ்டிடின்.