ரிசல்ட்டில் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

வடசேரியில் இருந்து ஒரு பிள்ளை கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரியில் 2021 ரெகுலேஷனில் சேர்ந்தது என்று வையுங்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட்டை வீட்டில் எல்லாரும் ஒரே போனில் எட்டிப் பார்ப்பார்கள். எம்ஏ 3151, ஜிஇ 3151, ஜிஇ 3171 என்று எண்கள் நிற்கும், பக்கத்தில் கிரேடு. “இதுல கணக்கு எதுப்பா?” என்று அப்பா கேட்பார்.

எம்ஏ 3151-தான் கணக்கு. முதல் இரண்டு எழுத்து துறையைச் சொல்கிறது. அடுத்து வரும் 3, பாடத்திட்டம் 2021 ரெகுலேஷன் என்பதற்கான அடையாளம். அதற்கடுத்த 1, முதல் செமஸ்டர். 2017 ரெகுலேஷனில் இதே இடத்தில் 8 இருந்தது. அப்போதைய முதல் செமஸ்டர் கணக்கு எம்ஏ 8151. அதனால் சீனியர் அண்ணன் அனுப்பிய பழைய வினாத்தாளைப் படிக்கும் முன் எண்ணைப் பாருங்கள். அரியருக்குப் பதிவு செய்யும்போதும் இந்த ஒரு இலக்கம் மாறினால் அது வேறு பாடம். பெயர் ஒன்றுபோல இருக்குதே என்று நம்பிவிடாதீங்க.

இனி கிரெடிட். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு 1 கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரம் சேர்ந்துதான் 1 கிரெடிட். எம்ஏ 3151-க்கு மூன்று மணி வகுப்பும் ஒரு மணி டியூட்டோரியலும் உண்டு, ஆக 4. பைத்தான் பாடமான ஜிஇ 3151-க்கு 3. அதன் லேப் ஜிஇ 3171 வாரம் நாலு மணி நேரம் நடந்தாலும் 2-தான்.

இதில் என்ன வந்தது என்றால், ஜிபிஏ கணக்கே இதில்தான் இருக்கு. கிரேடு புள்ளியை கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுப்பார்கள். ஓ கிரேடு 10, ஏ 8, பி 6. இந்த மூன்று பாடத்தை மட்டும் எடுத்தால், கணக்கில் பி, பைத்தானில் ஏ, லேப்பில் ஓ வாங்கிய பிள்ளைக்கு 24 + 24 + 20 = 68. அதை 9-ஆல் வகுத்தால் 7.56. இன்னொரு பிள்ளை கணக்கில் ஏ, பைத்தானில் ஏ, லேப்பில் பி; அங்கேயும் 32 + 24 + 12 = 68. கணக்கில் ஏறிய இரண்டு புள்ளி, லேப்பில் இறங்கிய நாலு புள்ளியை ஈடுகட்டிவிட்டது! ரெக்கார்டு நோட்டுக்கு ராத்திரி முழுக்க படம் வரைகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்க.

கலை, அறிவியல் கல்லூரிகளில் எண் வேறு மாதிரி இருக்கும். நம்ம மாவட்டக் கல்லூரிகள் பலவும் 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்பது வழக்கம். பெரிய பாடமெல்லாம் பாஸ் ஆகியும் சின்ன ஒரு பாடத்தின் கிரெடிட் விட்டுப்போனால் பட்டம் நின்றுவிடும்.

இந்தக் கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021-ல் ஒன்றிய அரசு ஏபிசி என்ற கிரெடிட் வங்கியைத் தொடங்கியது. டிஜிலாக்கரில் ஆதார் மூலம் உள்ளே போய் அபார் அல்லது ஏபிசி என்று தேடினால் 12 இலக்க எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கல்லூரியில் கொடுக்கணும்; கிரெடிட்டை ஏற்றுவது கல்வி நிறுவனம்தான், நாமே போட முடியாது. பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில். ஆதாரில் இனிஷியல் பின்னால், கல்லூரிப் பதிவில் முன்னால் என்று இருந்தால் இணையாமல் போகலாம். கல்லூரி மாறும்போதோ மேற்படிப்புக்குப் போகும்போதோ இது கழுத்தை நெரிக்கும். எது தப்பு என்று பார்த்து, ஆதார் மையத்திலோ கல்லூரி அலுவலகத்திலோ இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிசல்ட்டும் வந்து சில வாரம் கழித்து டிஜிலாக்கரைத் திறந்து பாருங்கள். அந்தச் செமஸ்டர் அங்கே இல்லையென்றால், மதிப்பெண் பட்டியல் நகலோடு கல்லூரித் தேர்வுப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.