அற்புதத்தின் விலை

“என்ன மாஸ்ரர், இந்த வயதிலும் பூதக் கதையோ?”

எனது மேசைமீது கிடந்த தடித்த ஆங்கில நாவலொன்றைப் புரட்டியவாறு நண்பரொருவர் கேட்ட கேள்வி இது. அவரும் என்னைப் போல ஓர் ஆசிரியர். இலக்கியத்தில் ஊறித் திளைத்தவர். யதார்த்தம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பாராமல் எந்தப் படைப்பையும் ஏற்றுக்கொள்ளாதவர். மனிதன் படும் பாட்டைச் சொல்லாத எழுத்து மனிதனை ஏமாற்றும் எழுத்து என்பது அவர் கட்சி. அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆயினும் அக்கேள்வி பல நாட்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு நான் கொடுக்கத் தவறிய விடையே இக்கட்டுரை.

சிறு வயதிலே பாட்டியின் மடியில் தலைவைத்து விக்கிரமாதித்தன் கதையையும் வேதாளத்தின் புதிர்களையும் கேட்டு வளர்ந்தவன் நான். பின்னர் ஒரு நூல்நிலையத்திலே டொல்கீனின் நூல்கள் கைக்கு எட்டின. அன்று தொட்டு மாயக்கதைகளைப் படித்தும், அவற்றைத் தழுவிய திரைப்படங்களைப் பார்த்தும், அத்தகைய உலகங்களிலே வேடமேற்று ஆடும் ஆட்டங்களில் மாணவரோடு ஈடுபட்டும் வருகின்றேன். எனவே ஈண்டுக் கூறப்படுபவற்றை ஓர் இரசிகனின் அபிப்பிராயங்களாகவே வாசகர்கள் கொள்ளவேண்டும்.

நண்பரின் குற்றச்சாட்டு புதியதன்று. 1939ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் சென். அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி உரையாற்றிய டொல்கீன் இதற்கு விடை கூற முயன்றார். சிறைப்பட்டவன் தன் வீட்டை எண்ணித் தப்ப முயல்வதையும், போர்வீரன் களத்தை விட்டுப் புறமுதுகிட்டு ஓடுவதையும் ஒன்றெனக் கருதலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வாறு கூறியவர் போர்க்களம் அறியாதவரல்லர். 1916இல் பிரான்சின் சொம் சமர்க்களத்திலே சமிக்ஞை அதிகாரியாகப் பணிபுரிந்தவர். அவருடைய நெருங்கிய பள்ளித் தோழர் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர்.

எனினும், இவ்வாதத்தின் நிழலில் முழுதாக ஒதுங்கிக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. புறமுதுகிட்டோடும் மாயக்கதைகளும் உலகில் உண்டு. அவையே தொகையில் அதிகம் எனவுங் கூறலாம். நல்லதையும் பதரையும் பிரித்தறிய நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம். அவ்வுலகில் நிகழும் அற்புதத்துக்கு விலை கொடுப்பவர் யார்? விலையின்றி அற்புதம் நிகழுமாயின் அது வெறும் பகற்கனவு. விலை கொடுக்கப்படுமாயின், எத்துணை பூதங்கள் வந்தாலும் அது மனிதனின் கதையே.

1954இலும் 1955இலும் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘லோர்ட் ஒப் த ரிங்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்வோம். தீய மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட புரோடோ, எரிமலையின் விளிம்பை அடைந்ததும் அதனைத் தன்னுடையதென உரிமை கொண்டாடிவிடுகின்றான். கதாநாயகன் தோற்றுப்போகிறான்! கொல்லம் என்ற இழிந்த பிராணியின் பேராசையினாலேயே மோதிரம் நெருப்பில் வீழ்கின்றது. உலகம் காப்பாற்றப்படுகிறது, காப்பாற்றியவனுக்கோ அவ்வுலகில் இன்பமாக வாழ முடியவில்லை. பழைய காயம் ஆண்டுதோறும் அதே நாளில் வலிக்கின்றது. போரிலிருந்து திரும்பி வந்தும் உள்ளத்தால் திரும்பாத மனிதரை அறிந்தவர்களுக்கு இதில் எது பொய் என்று தோன்றும்?

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிடத் தொடங்கிய ‘எர்த்சீ’ நாவல்கள் இவ்வகையில் இன்னும் ஒருபடி மேலானவை என்பது எனது துணிபு. அத்தீவுக்கூட்டத்தில் ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதனை ஆள முடியும். ஆனால் ஓரிடத்தில் மழையை வருவித்தால் வேறோரிடம் வரண்டுபோகும். உலகின் சமநிலை குலையும். கெட் என்னும் இளைஞன் செருக்கினால் இறந்தோரின் உலகிலிருந்து ஓர் ஆவியை அழைக்கின்றான். கூடவே வந்த நிழல் அவன் முகத்தைக் கிழிக்கின்றது. திறந்த வாயிலை மூடும் முயற்சியில் முதிய தலைமை மந்திரவாதி உயிர் துறக்கின்றார். 1972இல் வந்த மூன்றாம் நூலிலே, உலகைக் காக்கும் பொருட்டுக் கெட் தன் ஆற்றல் முழுவதையும் இழக்கின்றான். பதினெட்டு ஆண்டுகளின் பின், 1990இல், லெ குவின் மீண்டும் அவனிடம் சென்று, ஆற்றலிழந்த மனிதன் எவ்வாறு வாழ்கிறான் என்பதையும் எழுதினார். பதவி போனபின் மனிதன் யார் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்ட யதார்த்த நாவல்கள் பலவற்றை நான் படித்ததில்லை.

சி. எஸ். லூயிஸின் ‘நார்னியா’ நூல்கள், 1950 முதல் 1956 வரை வந்த ஏழும், எனக்கு அத்துணை நிறைவு தரவில்லை. கல்மேசையிலே சிங்கம் தன் உயிரைக் கொடுக்கும் இடம் நெஞ்சை உருக்குகின்றது, மறுப்பதற்கில்லை. ஆயினும் உரோமர் புராணத்து ஆட்டுக்கால் மனிதரும் நத்தார்ப் பாப்பாவும் ஒரே காட்டில் உலாவும்போது, அந்தக் காட்டுக்கென ஒரு நியதி உண்டா என்ற ஐயம் எழுகின்றது.

இனித் திரைப்படங்களுக்கு வருவோம். நியூசிலாந்தின் பீற்றர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘லோர்ட் ஒப் த ரிங்ஸ்’, படக்கலையின் பெருஞ்சாதனை. இறுதிப் பாகம் பதினொரு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது தகும். ஆயினும் ஒரு குறை எனக்குண்டு. நாவலில் வீடு திரும்பும் வீரர்கள், தமது ஊரே சூறையாடப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, ஆலைப்புகை சூழ்ந்து கிடப்பதைக் காண்கின்றனர். படத்திலோ ஊர் விட்டுச் சென்றபடியே பசுமையாக இருக்கின்றது. புரோடோவின் காயத்தைக் காட்டிய இயக்குநர், ஊரின் காயத்தை மறைத்துவிட்டார். போர் எங்கோ தொலைவில் நடப்பது, நம் வாயிலுக்கு வராது என்ற பொய்யான ஆறுதல் இதனால் பிறக்கிறது. பின்னர் 2012 முதல் 2014 வரை, சிறுவர்க்கான ‘ஹொபிட்’ என்னும் ஒரே நூலை ஏறத்தாழ எட்டு மணி நேரப் படமாக நீட்டியதைப் பற்றி, நீரூற்றிப் பெருக்கிய பாலுக்குச் சுவை ஏது என்று மட்டும் கூறி அமைகின்றேன்.

‘எர்த்சீ’க்கு நேர்ந்தது இதனினும் பெரிய அநீதி. லெ குவின் தமது நாயகனைச் செம்மண்ணிறத் தோலுடையவனாகவே படைத்தார். அத்தீவுகளின் மக்களிற் பெரும்பாலோர் கறுப்பு, பழுப்பு நிறத்தினர். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் அவன் வெள்ளையனாக்கப்பட்டான். ஆசிரியர் இதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். மாயக்கதையென்றால் வெள்ளைக் குதிரையில் வெள்ளை இளவரசன் என்றே பழகிப்போன என் போன்ற வாசகனுக்கு, எனது நிறத்தை ஒத்த ஒரு மந்திரவாதியைக் கண்ட மகிழ்ச்சி சிறிதன்று. திரையில் அதனைப் பறித்துக்கொண்டபோது எதையோ களவுகொடுத்தவன் போலானேன்.

மூன்றாவது, ஆட்டங்கள். இவை பலருக்குப் புதுமையாக இருக்கலாம். 1974இல் அமெரிக்கரான கரி கைகக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்யும் என வாயாற் சொல்வர். ஐயத்துக்குரிய செயலின் பயனைப் பகடை தீர்மானிக்கும். ஒருமுறை சொன்ன மந்திரம் மந்திரவாதியின் நினைவிலிருந்து அகன்றுவிடும் என்னும் விதி, ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைகளிலிருந்து இவ்வாட்டத்துக்கு வந்தது. அதுவும் ஒருவகை விலையே.

ஆட்டத்துக்கென அமைக்கப்பட்ட உலகங்கள் பல. எட் கிரீன்வூட்டின் கற்பனையில் உருவாகி 1987இல் நூலுருப்பெற்ற ‘போர்கொட்டன் ரெல்ம்ஸ்’ பெரும் புகழ் பெற்றது. ஆயினும் தெருவுக்கொரு மந்திரவாதி வாழும் அவ்வுலகில் அற்புதம் மலிந்து, அதன் மதிப்புக் குன்றிவிட்டதாகவே எனக்குப் படுகிறது. கிரெக் ஸ்டஃபோர்ட் 1966இல் கற்பிக்கத் தொடங்கிய ‘குளோரந்தா’ வேறு வகையினது. அங்கே ஆற்றல் வேண்டுவோன் தன் தெய்வத்துக்கும் தன் கூட்டத்தாருக்கும் கடமைப்பட்டவனாகின்றான். 1991இல் திமோதி பிரவுண், ட்ரோய் டெனிங் ஆகியோர் அமைத்த ‘டார்க் சன்’ எல்லாவற்றிலும் கொடிய உலகம். என் உள்ளங் கவர்ந்ததும் அதுவே. மந்திரத்துக்கு வேண்டிய சக்தி அங்கே செடிகொடிகளின் உயிரிலிருந்து எடுக்கப்படுகின்றது. பொறுமையோடு அளவாக எடுத்தால் மண் பிழைக்கும். பேராசையோடு எடுத்தால் பச்சையெல்லாம் சாம்பலாகும். அவ்வாறு எடுத்தவர்களால் அவ்வுலகே பாலைவனமாகிக் கிடக்கின்றது.

இவ்வுலகில் உயர்தர வகுப்பு மாணவர் நால்வரோடு ஆடியபோது நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். அன்று எனது நண்பரும் ஒரு மூலையிலே கதிரை போட்டு அமர்ந்திருந்தார். பாலைவனத்திலே ஒரு சிற்றூர். அவ்வூருக்கு இருந்தது ஒரேயொரு தோப்பு. கொள்ளைக்காரர் சூழ்ந்துகொண்டனர். மந்திரவாதியாக ஆடிய மாணவனின் பகடை தவறி வீழ்ந்தது. தோப்பின் உயிரை உறிஞ்சினால் மீண்டும் ஒருமுறை பகடையை உருட்டலாம் என்றேன். அவன் நெடுநேரம் தயங்கினான். பின்னர் உருட்டினான். கொள்ளைக்காரர் ஒழிந்தனர், தோப்பும் ஒழிந்தது. ஒருவரும் ஆரவாரிக்கவில்லை. அவன் முகம் வாடியிருப்பதைக் கண்ட தோழன் ஒருவன் தேற்ற முயன்றான்.

“ஏன்ரா கவலைப்படுறாய்? அது கடதாசி மரந்தானே?”

“அப்பிடியெண்டால் நாங்கள் வென்ற கள்ளரும் கடதாசிதானே?” என்றான் அவன்.

எனது விடை இதுவே. வெற்றியை மெய்யென்று கொண்டாடுபவன் இழப்பையும் மெய்யென்று ஏற்கவேண்டும். அம்மாணவன் அடுத்த கிழமை வந்தபோது, அவ்வூரார் இனி எதை உண்பர் என்று முதலில் கேட்டான். நாவலில் நாம் பிறர் கொடுக்கும் விலையைப் பார்க்கின்றோம், திரையிலும் அவ்வாறே. ஆட்டத்திலோ விலையை நாமே தீர்மானிக்கின்றோம். 2023இல் இவ்வாட்டத்தைத் தழுவி வந்த ஒரு நகைச்சுவைப் படத்திலுங்கூட, இறந்த ஒருவரை ஒருமுறை மட்டுமே எழுப்பவல்ல பலகை ஒன்று வருகின்றது. மனைவிக்காக அதனைத் தேடியலைந்த நாயகன், ஈற்றில் தன் தோழிக்காக அதனைச் செலவிடுகின்றான். சிரிக்க வைத்த படம் அவ்விடத்தில் என்னைச் சிந்திக்க வைத்தது.

நண்பரின் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. விலையற்ற அற்புதங்களைக் குவிக்கும் நூல்களையும் படங்களையும் நானும் அவரோடு சேர்ந்து ஒதுக்கிவைப்பேன். ஆனால் பூதம் வருகின்றது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு படைப்பை ஒதுக்குவது, மேலட்டையைப் பார்த்து நூலுக்கு மதிப்பெண் இடுவதாகும்.

அன்றிரவு விடைபெறும்போது நண்பர் எதனையும் ஒப்புக்கொள்ளவில்லை. “பெடியன் கேட்டது நல்ல கேள்வி” என்று மட்டும் சொன்னார். போகும்போது எனது மேசையிலிருந்த ‘எர்த்சீ’யின் முதல் நூலைக் கையிலெடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதங்களாகின்றன. இன்னும் அவர் அதனைத் திருப்பித் தரவில்லை; நானும் கேட்கவில்லை.