வண்டி குறைந்தது, காற்று?

இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022 ஜூலையை மறந்திருக்க மாட்டீர்கள். கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. திரியாயிலிருந்து குச்சவெளி, நிலாவெளி வழியாகத் திருகோணமலைக்குப் போகும் வீதியில் வாகன நெரிசல் என்றைக்கும் பெரிய தொல்லையல்ல. எரிபொருள் நிலைய வரிசைதான் அப்போது நெரிசல்!

கொழும்பில் கதை வேறு. நிரம்பி வழியும் வீதியில் சில வண்டிகள் குறைந்தாலே ஓட்டம் சீராகிவிடும். நின்று நின்று புறப்படும் பஸ்தான் அதிகம் டீசல் குடிக்கும், அதிகம் புகை கக்கும். வண்டிப் புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டு சில மணி நேரத்திலேயே காற்றிலிருந்து குறையத் தொடங்கும். ஆகவே போக்குவரத்து குறைந்தால் முதலில் இறங்குவது அதுதான்.

நுண்துகள் அப்படியல்ல. 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய அந்தத் தூசு நாட்கணக்கில் மிதக்கும், கடலையும் தாண்டும். அதே 2022 டிசம்பரில், பெற்றோல் பங்கீடு நடைமுறையில் இருந்தபோதே, வங்கக் கடலில் மாண்டஸ் புயல் வீச, இந்தியப் பக்கத்து மாசு இலங்கைக்கு வந்து சேர்ந்தது. காற்றின் தரம் மோசமானதால் டிசம்பர் 9 அன்று அரச பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். நம் வீதியில் வண்டி குறைவு. அயலாரின் புகை மட்டும் அனுமதிச்சீட்டு இல்லாமலே வந்துவிட்டது.

போதாததற்கு, சமையல் காஸ் கிடைக்காத அந்த வருடம் எத்தனையோ வீடுகளில் விறகடுப்பு வேறு திரும்பவும் புகைந்தது.