உங்களுக்குத் தெரியுமா? சத்தம் போடாத டேப்பட்டுதான் ஆபத்து!
புல்டோசரோ லாரியோ, டீசல் எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் முதலில் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியைப் பாருங்கள்; அது கூடியிருக்கலாம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், ஒரு வால்வு 300 முறைதான் தட்டும். இடைவெளி குறைந்துபோனாலோ சத்தமே வராது. வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும், எஞ்சின் மிஸ்ஸாகும், கடைசியில் வால்வே கருகிவிடும். மிஸ்ஸாவது எந்த சிலிண்டர் என்று அறிய, பழைய லாரிகளில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லையோ, கோளாறு அங்கேதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டக்கூடியது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.