தலைமுறைகளைத் தாங்கும் ஆசிரியத் துணை

கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கு வேண்டியவை எவையென்று கேட்டால், நூல்கள், கட்டணம், உண்ண உணவு, உறைய இடம் என்று நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். இவற்றோடு மற்றொன்றும் வேண்டும். அவனுடைய தகுதியை அவனே உணருமுன் கண்டறிந்து, உரிய காலத்தில் உரிய வழியைக் காட்டும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இத்துணை மேலும் இன்றியமையாதது. சொந்த ஊரிலாயின், மாமனோ, சிற்றப்பனோ, அடுத்த தெருவில் வாழும் பட்டதாரியோ யோசனை சொல்லக் கூடும். அயலூரில் அவ்வாறு சொல்வார் அரியர். ஆசிரியரே உறவினர் இடத்தில் நிற்க நேர்கிறது.

இத்துணை ஒரு மாணவனோடு முடிந்துவிடுவதில்லை; அவன் குடும்பத்தின் பிற்காலத் தலைமுறைகளுக்கும் சென்று சேர்கிறது. எவ்வாறு சேர்கிறது என்பதை, நேயர்கள் பலரும் அறிந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டே விளக்கலாம்.

திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். அவருடைய மகன் சி. வி. இராமன் 1903-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இம்மாணவர் அறிவியல் பாடங்களில் முன்னரே தேர்ச்சியுற்றிருந்ததைக் கண்ட பேராசிரியர்கள், வகுப்புகளுக்குத் தவறாது வரவேண்டும் என்று அவரை வற்புறுத்தவில்லை. ஆய்வுக்கூடத்தில் தம் விருப்பம்போல் சோதனைகள் செய்து பார்க்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அதன் பயனாக, 1906-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்தின் அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. மாணவனுக்குக் கற்பிப்பது போலவே, வேண்டியபோது அவன் வழியை விட்டு விலகி நிற்பதும் ஆசிரியத் துணையின் ஒரு கூறு என்பதை இதனால் அறிகிறோம்.

அக்காலத்தில் நம் நாட்டில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டு வாழ வழியில்லை. ஆகவே இராமன் 1907-இல் அரசின் நிதித்துறையில் அலுவலேற்றுக் கல்கத்தா சென்றார். மொழியும் உறவும் வேறான அந்நகரில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் செயலாளர் அமிர்தலால் சர்க்கார் அவரை வரவேற்று, அலுவல் நேரம் போக எஞ்சிய காலையிலும் இரவிலும் ஆய்வு செய்ய இடமளித்தார். பின்னர் சர் ஆசுதோஷ் முகர்ஜி அவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். அப்பதவியை ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. அதற்கு இராமன் இசையவில்லை. ஆசுதோஷர் மனிதரின் தகுதியை எண்ணி விதியைத் தளர்த்துவித்தார். 1917-இல் இராமன், அதிக ஊதியம் தந்த அரசுப் பணியைத் துறந்து பேராசிரியரானார். 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். தமிழர் ஒருவரின் பெருமையில் வங்காளப் பெருமக்களின் கைகள் இத்துணை இருப்பதை அயல் மாநிலத்தில் வாழும் நாம் மறத்தல் தகாது.

இனி அடுத்த தலைமுறைக்கு வருவோம். இராமனின் தமையனார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றி, நம்மில் பலரைப் போலவே ஊர் ஊராய் மாறியவர். அவருடைய மகன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்து, லக்னோவில் சில காலம் வளர்ந்து, சென்னைக்கு வந்தவர். தந்தையார் மகனை ஐ.சி.எஸ். அதிகாரியாகக் காண விரும்பினார். மகனின் உள்ளமோ கணிதத்தை நாடியது. இறுதியில் 1925-இல் சேர்ந்த அதே மாநிலக் கல்லூரியில் இயற்பியல் மாணவராகப் பதிந்துகொண்டு, கணித வகுப்புகளுக்கும் சென்று வந்தார். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, இவ்விளைஞர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கண்டார். இவர் கற்றிருந்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை அவர் மறைக்காமல் எடுத்துரைத்து, அச்சேறவிருந்த தம் கட்டுரையின் படியையும் கொடுத்தனுப்பினார். கல்லூரி முதல்வர் ஃபைசன், இந்திய அரசின் உதவித்தொகை இவருக்குக் கிடைக்கவிருக்கும் செய்தியை உரிய காலத்தில் தெரிவித்தார். 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய சந்திரசேகர் 1983-இல் நோபெல் பரிசு பெற்றார். சிகாகோவில் ஏறத்தாழ 50 மாணவர்களின் ஆய்வுக்கு வழிகாட்டியாகவும் விளங்கினார்.

பெண்டிர் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. சிறு வயதிலேயே கணவனை இழந்த சுப்புலட்சுமி, தந்தையாரின் ஊக்கத்தால் கற்று, 1911-இல் அதே மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. 1912-இல் அவர் தோற்றுவித்த சாரதா இல்லம், தம்மைப் போன்ற இளம் கைம்பெண்கள் பலருக்குக் கல்வி தந்தது. அவருடைய தங்கை மகள் லலிதா பின்னாளில் அதே கல்லூரியில் இயற்பியல் பயின்றார்; 1936-இல் சந்திரசேகரை மணந்தார். பெண்ணொருத்தி கல்லூரி செல்வதா என்னும் கேள்வி பெரியன்னையின் காலத்தில் பெரும் போராட்டமாய் இருந்தது; லலிதாவின் காலத்திலோ வீட்டார்க்கு அது பழகிய செய்தியாகிவிட்டது.

இவர்களெல்லாம் பிறவியிலேயே அறிவுடையோர், குருதியில் வந்த திறமை என்று சிலர் கூறலாம். திறமை இருந்தது உண்மையே. ஆயினும் குருதி மட்டும் வகுப்பு விதியைத் தளர்த்தாது; ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறக்காது; உதவித்தொகைச் செய்தியைக் கொண்டுவந்து தராது. நல்லாசிரியரின் துணை பெற்ற ஒருவர் தம் வீட்டுக்குக் கொண்டுவரும் செல்வம் பட்டம் மட்டுமன்று. ஆசிரியரை அஞ்சாது அணுகலாம், ஐயத்தைக் கேட்பது இழுக்கன்று, உதவியை நாடுவது தாழ்வன்று என்னும் துணிவையும் அவர் கொண்டுவருகிறார். தேர்வுகள், உதவித்தொகைகள், விண்ணப்ப நாட்கள் பற்றிய செய்தியும் அவரோடு வீடு புகுகிறது. இளைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் இவற்றை உணவு வேளைப் பேச்சிலேயே கற்றுவிடுகின்றனர்.

அத்தகைய பேச்சு இல்லாத இல்லங்களே மிகப் பல. இராமேசுவரத்து அப்துல் கலாம் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்வதற்கு, அவருடைய தமக்கையார் தம் பொன் நகைகளை அடகு வைக்க நேர்ந்தது. இல்லம் தரக்கூடிய அனைத்தையும் தந்தது. துறை பற்றிய அறிவையும் தன்னம்பிக்கையையும் பேராசிரியர்களே தரவேண்டியிருந்தது. கல்லூரியில் விடைபெறும் நாளில் நிழற்படம் எடுத்தபோது, பின்வரிசையில் நின்ற கலாமைப் பேராசிரியர் ஸ்பாண்டர் அழைத்துத் தம்முடன் முன்வரிசையில் அமர்த்திக்கொண்டார். அம்மாணவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். 2015-ஆம் ஆண்டு ஷில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற முயல்வோருக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2010-இல் கொண்டுவந்தது. கட்டணத்தை அரசு ஏற்கலாம். மாணவனின் அச்சத்தைப் போக்க மனிதர் ஒருவரே வேண்டும். பிற வீடுகளில் தந்தையும் பாட்டனும் செய்த பணியை, இம்மாணவனுக்கு ஓர் ஆசிரியர் தனித்துச் செய்யவேண்டியிருக்கிறது.

ஆகவே, புது தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், மொழி வேறு என்று தயங்காமல் ஆசிரியரைச் சென்று காண்பது நலம். பிள்ளையின் நாட்டம் நம் விருப்பத்தோடு மாறுபடுமாயின், ஆசிரியர் சொல்வதையும் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். நம்மில் கற்றவர்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. நமக்கு வழிகாட்டிய ஆசிரியருக்கு நாம் பட்ட கடனை அவரிடமே திருப்பித் தருதல் பெரும்பாலும் இயலாது. நம் குடியிருப்பில், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி செல்லும் பிள்ளை எம்மொழி பேசுபவனாயினும், அவனோடு வாரம் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவோமானால் அக்கடன் அங்கே தீரும். அவனுக்குப் பின் வரும் தங்கையும் தம்பியும் மக்களும் யாரிடமும் தயங்காமல் கேட்கக் கற்றுக்கொள்வர்.