புல் காக்கும் ஆறுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. சாண்ட்ஹில்ஸ் என்று பெயர். 120 மீட்டர் வரை உயர்ந்த குன்றுகளும் உண்டு. இத்தனை மணல் இருந்தும் அது பாலைவனமாகவில்லை. குன்றுகளைப் புல் போர்த்தியிருக்கிறது. இடையிடையே ஏரிகள், ஈரப் புல்வெளிகள், வற்றாத ஆறுகள்.

அங்கே மழை குறைவுதான். ஆனால் பெய்யும் மழை வழிந்தோடி வீணாவதில்லை. மணல் அதை உள்ளே இறக்கி, எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரவியுள்ள ஓகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறது. பள்ளம் நீர்மட்டத்தைத் தொடும் இடத்தில் ஏரி. ஆறு அந்த நீர்மட்டத்தை அறுத்துச் செல்லும் இடத்தில் ஊற்று. டிஸ்மல் ஆற்றை ஒட்டிய ஓர் ஊற்றில், அடியிலிருந்து பீறிடும் தண்ணீர் மணலைப் புரட்டிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு உலை கொதிப்பது போலிருக்கும், தொட்டால் சில்லென்றிருக்கும். இப்படி ஊற்றுகளே ஊட்டுவதால் டிஸ்மல், லூப் ஆறுகளில் கோடையிலும் ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை.

இந்த மண்ணில் ஏர் பிடித்தவர்கள் தோற்றார்கள். 1904-இல் வந்த கின்கெய்டு சட்டம் குடியேறியவர்களுக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. உழுத இடத்தில் மணல் பறந்தது. பலர் நிலத்தை விட்டுப் போனார்கள். மாடு வளர்த்தவர்கள் நிலைத்தார்கள். இன்று 15,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரிய செர்ரி மாவட்டத்தில் வாழ்பவர்கள் ஆறாயிரம் பேருக்கும் குறைவு.

மாடு வளர்க்கும் இந்தப் பண்ணைக்காரர்களின் கவலையெல்லாம் புல் பற்றியது. ஓரிடத்தில் மாடுகள் அளவுக்கு மீறி மேய்ந்து வேர் அற்றுப்போனால், காற்று அங்கே மணலைத் தோண்டிக் குழியாக்கிவிடும். குழி விரியாதிருக்க வேலி போட்டு மாடுகளைத் தடுக்கிறார்கள். பழைய டயர்களையும் வைக்கோலையும் போட்டு மணலை அடக்குகிறார்கள். காற்றாடி இறைக்கும் தண்ணீர்த் தொட்டிகளைப் பல இடங்களில் வைத்து, மந்தை ஒரே இடத்தை மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

கீஸ்டோன் எக்ஸ்.எல். எண்ணெய்க் குழாய் இந்தக் குன்றுகள் வழியே வரவிருந்தபோது பண்ணைக்காரர்களும் எதிர்த்து நின்றார்கள். மணலில் கசியும் எண்ணெய் நேரே நிலத்தடி நீரில் கலக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2011-இல் குழாயை அமைக்கவிருந்த நிறுவனம் பாதையை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது.

ஆற்றைக் காப்பது என்றதும் நாம் அணையையும் கரையையும் நினைக்கிறோம். சாண்ட்ஹில்ஸில் அந்த வேலை குன்றின் மேல், மேய்ச்சல் நிலத்தில் நடக்கிறது. புல்லுக்கு ஏற்றபடி மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கத் துணியும் ஒவ்வொரு குடும்பமும் அந்த ஆறுகளுக்குக் காவல். அந்தக் குடும்பங்கள் தொழிலில் நீடிக்க வழிசெய்வதும் நீர் மேலாண்மைதான்.