பழி மணலுக்கு, பெண்ணுக்கு அல்ல!

பங்குனி, சித்திரையில் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் காவிரி மணலில் பெண்பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுக்காத வீடு குறைவு. படத்தைப் பார்த்ததும், "என்னடி, இப்படிக் கறுத்துட்டே?" என்று ஒரு பேச்சு. அதே படம் வரன் வீட்டுக்குப் போனால் பேச்சு இன்னும் நீளும்.

சகோதரிகளே, அது பெண்ணின் நிறமே இல்லை! கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். வெயிலில் மணல் பளிச்சென்று இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று படத்தையே இருட்டாக்கிவிடும். அதில் முகமும் சேர்ந்து கறுக்கிறது.

செல்போனில் எடுத்தால் முகத்தைத் தொட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கேமரா என்றால் ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும். உச்சிவெயில் வேண்டாம், கண்ணுக்கடியில் குழி விழுந்தாற்போல் நிழல் தட்டும். காலை 8 மணிக்கு முன்போ, மாலை 4 மணிக்கு மேலோ, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். கண் கூசாது. எதிரே கிடக்கும் மணலே முகத்துக்கு வெளிச்சம் தரும்.

பவுடரை அள்ளிப் பூச வேண்டாம். மாநிறமோ, கறுப்போ, அவள் நிறம் அப்படியே வரட்டும். அதுதானே அழகு!

- ஒரு வாசகி, மோகனூர்